அயலூரில் ஒரு ஞாயிறு

தொழிலின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் செல்வோருக்கு வாரத்தின் ஆறு நாட்களும் எப்படியோ கழிந்துவிடும். காலையில் ஓர் அச்சுக்கூடம், நண்பகலில் ஒரு கடதாசிக் கிடங்கு, மாலையில் கணக்குப் பார்த்தல் என்று பொழுது ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்படியன்று. கிடங்குகள் பூட்டிக் கிடக்கும். கணக்கப்பிள்ளைமார் தத்தம் வீடுகளில் இருப்பர். விடுதி அறையின் சாளரத்தருகே அமர்ந்து அறிமுகமில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தான் அயலான் என்ற எண்ணம் அன்றுதான் முழுமையாக உறைக்கும்.

கடதாசியும் அச்சு மையும் வாங்கி விற்பது எமது தொழில். அதன் பொருட்டு ஆண்டில் இரண்டு மூன்று தடவை கடல் கடந்து தென்னிந்தியா செல்கிறோம். சென்னை, சிவகாசி, திருச்சிராப்பள்ளி, தெலுங்கு நாட்டு விசயவாடா ஆகியன எமது வழக்கமான தங்குமிடங்கள். நாம் ஞானஸ்நானம் பெற்றது லூத்தரன் சபையில். இலங்கையில் அச்சபையார் மிகச் சிலர். யாழ்ப்பாணத்து வாசகருக்கு அமெரிக்க மிஷனைத் தெரியும். மெதடிஸ்த சபையைத் தெரியும். அங்கிலிக்கன் சபையைத் தெரியும். லூத்தரன் என்றால் “அது எந்தப் பக்கம்?” என்று கேட்போரே பலர். 16 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் மார்ட்டின் லூத்தர் தொடக்கிய சமயச் சீர்திருத்தத்தின் வழிவந்த சபை அது. தமிழ்நாட்டிலோ புரட்டஸ்தாந்த சபைகளுள் அதுவே மூத்தது. ஆகவே, இங்கே சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினராய் இருக்கும் நாம், கடலைக் கடந்ததும் ஒரு பெருங்குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறோம்.

அக்குடும்பத்தின் வீடுகள் சிலவற்றுள் ஞாயிறுதோறும் புகுந்து வந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறோம். கோபுரங்களின் உயரத்தையும் சாளரக் கண்ணாடிகளின் வண்ணத்தையும் விரித்துரைப்பது எமது நோக்கமன்று. அயலூரான் ஒருவன் ஆலயத்துள் நுழைந்ததும் அவன் மனத்தில் எழும் முதல் வினா ஒன்றே: “எங்கே உட்காருவது?” ஊரவருக்கு இவ்வினா எழுவதில்லை. அவரவர் வாங்கு அவரவருக்குத் தெரியும். தனக்கென இடம் இல்லாதவன் ஒருவனே, யார் யார் எங்கெங்கே அமர்கின்றனர் என்பதைக் கண்ணெடுத்துப் பார்க்கிறான்.

புரசைவாக்கத்துக் காலை

சென்னையில் நாம் முதன்முதல் தேடிச் சென்றது புரசைவாக்கத்து அடைக்கலநாதர் ஆலயம். வழிப்போக்கனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு கிடைப்பது அரிது. லூத்தரன் கோயில் எங்கே என்று விடுதிக் காவலாளியிடம் கேட்டபோது அவர் விழித்தார். “டி.ஈ.எல்.சி. கோயிலா, ஐயா?” என்று பக்கத்திலிருந்த ஓட்டோச் சாரதி திருத்தினார். தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை என்ற நீண்ட பெயர் மக்கள் வாயில் நான்கு எழுத்துக்களாய்ச் சுருங்கிவிட்டது. 1919 ஆம் ஆண்டு சனவரியில் தனிச் சபையாக அமைந்த திருச்சபை அது.

அடுத்திருக்கும் வேப்பேரி எம்போன்ற அச்சுத் தொழிற்காரருக்கு ஒரு புனிதத் தலம். 1761 இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சியந்திரம், வேப்பேரியில் ஊழியஞ்செய்த பப்ரீசியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1742 இல் சென்னைக்கு வந்த இந்த ஜேர்மானியர் 1791 இல் சென்னையிலேயே காலமானார். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். அவர் தொகுத்த அகராதி 1779 இல் வெளிவந்தது. ஜேர்மானிய ஞானப்பாட்டுக்கள் பலவற்றைத் தமிழாக்கினார். பணக் கொடுக்கல் வாங்கல்களில் சிக்கி முதுமையில் கடன்காரர் சிறையையும் கண்டார். கடனுக்குச் சரக்குக் கொடுத்து வாங்கும் எமக்கு அவர்மீது பக்தியோடு ஓர் இரக்கமும் உண்டு.

ஆராதனை தொடங்கியதும் அயலூரான் என்ற எண்ணம் பாதி கரைந்துவிட்டது. முதலில் பாவ அறிக்கை, பின்பு மன்னிப்பின் வார்த்தை, இரக்கத்துக்கான வேண்டுதல், துதி, நிருப வாக்கியம், சுவிசேஷ வாக்கியம், எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, பொது மன்றாட்டு, திருவிருந்து, ஆசீர்வாதம். இந்த ஒழுங்கு எமக்குச் சிறுவயது முதல் மனப்பாடம். எப்போது எழவேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

இசை இரு வகைப்பட்டது. பப்ரீசியஸ் தமிழாக்கிய பாட்டுக்கள் ஜேர்மானிய இராகத்தில் நின்று நிதானமாக நடக்கும். அடுத்து வருவது கீர்த்தனை. தஞ்சாவூர்ச் சரபோசி மன்னர் காலத்தில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் மரபு அது. சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர். பாட்டுக்கு அசையாது நின்ற சபை, கீர்த்தனை தொடங்கியதும் தாளத்தோடு அசைகிறது. பொதுவாக முதியோர் இரண்டையும் பாடுகின்றனர். இளைஞர் கீர்த்தனைக்கே வாய் திறக்கின்றனர்.

அறிவிப்பு வேளையில் குருவானவர், “புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து தங்களை அறிமுகப்படுத்தலாம்” என்றார். தமிழ்நாட்டுச் சபைகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வழக்கம் உண்டு. “இலங்கை” என்ற சொல் எமது வாயிலிருந்து வெளிப்பட்டதுதான் தாமதம், முன்வாங்குகளில் இருந்தவர்கள் யாவரும் திரும்பிப் பார்த்தனர். ஆராதனை முடிந்ததும் வாயிலில் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டனர். யுத்த காலத்தில் எங்கே இருந்தோம் என்பது முதல், அங்கே இப்பொழுது அரிசி என்ன விலை என்பது ஈறாகக் கேள்விகள் எழுந்தன. கூட்டத்தில் ஒருவர் எமது தொழிலைக் கேட்டறிந்து, தமக்குத் தெரிந்த ஒரு கடதாசி வியாபாரியின் விலாசத்தையும் எழுதித் தந்தார். ஓய்வுநாளில் வியாபாரம் பேசியதற்கு யாரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை!

மொழி தெரியாத சபை

விசயவாடாவிலிருந்து கிருஷ்ணா நதியைக் கடந்து சென்றால் குண்டூர். மிளகாய்க்குப் பேர்பெற்ற ஊர். லூத்தரன் சபைக்கும் பேர்பெற்ற ஊர்தான். அமெரிக்க லூத்தரன் சபையார் முதன்முதல் அனுப்பிய மிஷனரியான ஹையர் ஐயர் 1842 இல் இங்கு வந்து சேர்ந்தார். ஆந்திர சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1927 இல் அமைந்தது. இந்தியாவின் லூத்தரன் சபைகளுள் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று.

எமக்குத் தெலுங்கு தெரியாது. வியாபாரத்துக்கு வேண்டிய எண்கள் மாத்திரம் தெரியும். ஆலயம் நிறைந்திருந்தது, பலர் வெளியில் நின்றனர். எம்மைக் கண்ட இளைஞர் ஒருவர் தாம் இருந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்து, கையால் வாங்கைத் தட்டிக் காட்டினார். பாட்டு எண்ணைப் பலகையிற் பார்த்துத் தமது புத்தகத்தை விரித்து, அதன் ஒரு பக்கத்தை எமது கையிலும் பிடிக்கத் தந்தார். எழுத்துக்கள் எமக்கு வட்டமும் சுழியுமாய்த் தெரிந்தனவேயன்றிப் பொருள் தெரியவில்லை. என்றாலும் புத்தகத்தை விடவில்லை. அவர் விரலால் அடி அடியாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே பாடினார்.

ஆயினும் நாம் வழி தவறவில்லை. குனிந்த தலைகளும் தாழ்ந்த குரலும் இது பாவ அறிக்கை என்று உணர்த்தின. அனைவரும் எழுந்து ஒரே மூச்சில் நீண்டதொன்றைச் சொல்லத் தொடங்கியபோது அது விசுவாசப் பிரமாணம் என்று அறிந்து, நாம் தமிழிற் சொன்னோம். அவர்கள் முடித்த வேளைக்கே நாமும் முடித்தோம். ஆராதனை ஒழுங்கு என்பது வெறுஞ் சடங்கு, இருதயத்திலிருந்து வருவதே செபம் என்று கூறுவோர் உண்டு. குண்டூரில் ஒரு ஞாயிறு இருந்து பார்த்தால் அவர்கள் சற்றே தயங்குவர். மனம் போனபடி எழும் செபத்திலே மொழி தெரியாதவனுக்குப் பங்கில்லை. ஒழுங்கோ, எந்நாட்டானுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தரங்கைவாசமும் தோட்டத்து அம்மையாரும்

திருச்சிராப்பள்ளியில் ஒரு விந்தை உண்டு. தமிழ் லூத்தரன் திருச்சபையின் பேராயருக்குப் பட்டம் தரங்கம்பாடிப் பேராயர் என்பது. அவர் இருப்பதோ திருச்சியில். அந்த இல்லத்துக்குத் தரங்கைவாசம் என்று பெயர். கடற்கரையில் விட்டுவந்த ஊரைப் பெயரிலே சுமந்துகொண்டிருக்கின்றனர். 1921 இல் முதற் பேராயராய் அமர்ந்தவர் சுவீடன் நாட்டு ஹெய்மன் ஐயர். அவருக்குப் பின்னும் சுவீடன் நாட்டவர் இருவர் இருந்தனர். 1956 இல் இராசா மாணிக்கம் ஐயர் முதல் இந்தியப் பேராயரானார்.

அவ்வூரில் ஆராதனை முடிந்து வெளியேறுகையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் எமது கையைப் பற்றிக்கொண்டார். “தம்பி, நானும் அந்த ஊருதான். நுவரெலியாவுல பொறந்தேன்” என்றார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டவர். தலைமன்னாரிற் கப்பலேறிய அன்று தாம் சிறு பெண் என்றார். பிறந்த மண் இலங்கை, கடவுச்சீட்டிலோ இந்தியர், இறங்கிய ஊரிலோ “சிலோன்காரி.” ஆரம்ப நாட்களில் ஞாயிறு ஆராதனை ஒன்றுதான் தமக்குப் பழக்கமான இடமாக இருந்தது என்றார். “பாட்டு அதே பாட்டு, தம்பி. அதைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

மலைநாட்டின் குளிர் இப்பொழுதும் அப்படியேதானா என்று அவர் கேட்டார். அப்படியேதான் என்றோம். வேறொன்றும் கேட்கவில்லை.

பெயர் எழுதும் புத்தகம்

சிவகாசியில் நாட்காட்டி அச்சு வேலைகள் சனிக்கிழமையோடு முடிந்தால், பஸ் ஏறித் தெற்கே நாகர்கோவிலுக்குச் சென்றுவிடுவோம். அங்கேயும் லூத்தரன் சபை உண்டு. ஆனால் வேறு சபை. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த நேத்தர், மோன் என்னும் இரு மிஷனரிமார், வேதாகமத்தின் தெய்வீக ஏவுதல் பற்றிய கொள்கை வேறுபாட்டினால் அம்மிஷனை விட்டுப் பிரிந்து, அமெரிக்காவின் மிசூரிச் சபையோடு சேர்ந்தனர். 1895 இல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கியது. நேத்தர் ஐயர் 1904 இல் கொள்ளைநோய்க்குப் பலியானார். அவ்விதையிலிருந்து வளர்ந்ததே இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை. ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகியன அதன் மூன்று மையங்கள்.

அங்கே ஒரு சபையில், ஆராதனைக்கு முன்னரே குருவானவர் எம்மைத் தமது அறைக்கு அழைத்தார். “திருவிருந்தில் பங்குகொள்ளப் போகிறீர்களா, ஐயா? எந்தச் சபை? திடப்படுத்தல் பெற்றவரா?” என்று வினவினார். ஞானோபதேசத்திலிருந்து இரண்டொரு கேள்விகளையும் மிக மரியாதையாகக் கேட்டார். அறுபது வயதிலே பள்ளிப் பிள்ளையைப்போல் நின்று விடை சொன்னோம். பின்னர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து எமது பெயரை எழுதிக்கொண்டார். அயலூரில் எமது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பதிவேடு, விடுதிப் பதிவேட்டுக்கு அடுத்தபடியாக அதுவேயாகும்.

இதனை இடையூறு என்று சிலர் கருதலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தியிலே யார் அமர்கின்றனர் என்பதையே அறியாத வீட்டைவிட, வந்தவரை வாயிலில் நின்று விசாரிக்கும் வீடு மேலானது. ஆனால் வேறோர் ஊரில், அதே கேள்விகளுக்கு அதே விடைகளைச் சொன்ன பின்பும், “மன்னிக்க வேண்டும், எங்கள் சபையாருக்கு மாத்திரமே” என்றனர். சபையார் எழுந்து பலிபீடத்தண்டை சென்றபோது நாம் மாத்திரம் வாங்கில் இருந்தோம். ஒரே ஞானோபதேசத்தைப் படித்தவர்களுக்கிடையே ஒரு நூற்றாண்டுக்கு முந்திய வழக்கொன்று வேலியாய் நிற்பதை அன்று கண்டோம். விசாரித்து அழைப்பது வேறு, விசாரித்தும் விலக்குவது வேறு.

பாயின் இரு பக்கங்கள்

எல்லாவற்றினும் எமது மனத்தை உறுத்தியது காவிரிக் கழிமுகத்திலுள்ள ஒரு சிற்றூர். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. வணிக நண்பர் ஒருவரின் கணக்கைத் தீர்க்கச் சென்று, ஞாயிறன்று அங்கே தங்க நேர்ந்தது. ஓடு வேய்ந்த சிறு ஆலயம். செருப்பை வாயிலிற் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். முன்பகுதியில் சில வாங்குகள். பின்னே பாய் விரித்திருந்தது. பின்புறம் இடம் இருந்தமையால் பாயில் அமர்ந்தோம்.

சபைப் பெரியவர் ஒருவர் விரைந்து வந்து, “ஐயா, முன்னால வந்து உட்காருங்க” என்று உபசரித்தார். இங்கேயே இருக்கிறோம் என்றோம். அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “இந்தப் பக்கம் அவங்க உட்காருவாங்க” என்றார். “அவங்க” யார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. பக்கத்தில் இருந்த முதியவர் கண்களைத் தரையிற் பதித்துக்கொண்டார். நாம் எழவில்லை. திருவிருந்து வேளையில் முன்வாங்குகள் முதலிற் சென்றன. அவர்கள் திரும்பி வந்து அமரும்வரை பாயிலிருந்தோர் காத்திருந்தனர். எவரும் எவருக்கும் கட்டளையிடவில்லை. பழக்கமே கட்டளையிட்டது.

இது புதிய நோயன்று. லூத்தரன் சபையின் முதல் தமிழ்க் குருவானவர் ஆரோன். 1733 ஆம் ஆண்டு டிசெம்பர் 28 இல் தரங்கம்பாடியில் அபிஷேகம் பெற்றார். அவர் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சை நாட்டில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் இருந்தார். முன்பு போர்வீரர்; அடியுதைகளுக்கும் அஞ்சாது ஊழியஞ்செய்தவர். பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறிஸ்தவர் மனம் ஒவ்வார் என்று அஞ்சிய மிஷனரிமார், அவரைக் குருவாக்கத் துணியவில்லை. 1833 இல் அங்கிலிக்கன் பேராயர் வில்சன் தமது சபைகளிற் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். அதனை ஏற்காதோர் பலர் பின்னர் லூத்தரன் சபையை நாடி வந்தனர். 1850 இல் சென்னைப் பிரதேசத்து மிஷனரிமார் சாதிக்கெதிராகக் கூட்டறிக்கை விடுத்தபோது லைப்சிக் மிஷன் அதிற் சேரவில்லை. எமது சபையின் வரலாற்றிலே மகிழ்ந்து வாசிக்கத்தக்க ஏடுகள் பலவுண்டு. இது அவற்றுள் ஒன்றன்று.

இதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்து அன்பர்கள் தமக்குள் நகைத்துக்கொள்ள வேண்டாம். 1930 ஆம் ஆண்டளவில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தபோது நம் ஊர்களில் எழுந்த எதிர்ப்பை நாம் மறந்துவிடலாகாது. வாங்கில் யார் அமர்வது, தரையில் யார் அமர்வது என்ற வழக்குக்குக் கடலின் இருகரையும் ஒன்றே.

ஆராதனை முடிந்ததும் பாயிலிருந்த முதியவர் எமது பின்னே வந்தார். “தோத்திரம் ஐயா. வெளியூர்க்காரங்க யாரும் எங்க பக்கம் உட்கார்றதில்லை” என்றார். அதனை அவர் பாராட்டாகச் சொன்னார். ஆனால் பாராட்டப்படத்தக்கதாய் நாம் ஒன்றும் செய்துவிடவில்லை. அயலூரான் எங்கேயும் அமரலாம். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான். அவரோ அடுத்த ஞாயிறும் அதே பாயில் அமர வேண்டியவர்.

தரங்கம்பாடி

2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கியது. இடையிடையே தடைப்பட்டாலும் மறு ஆண்டில் மீண்டும் நடைபெற்றது. அக்கப்பலில் ஒருமுறை சென்றபோதுதான் தரங்கம்பாடி எமக்கு எத்துணை அயல் என்பதை உணர்ந்தோம். நாகபட்டினத்தில் இறங்கிக் காரைக்கால் வழியே வடக்கு நோக்கிச் சென்றால் முப்பது மைல் கூட இல்லை.

1620 இல் தஞ்சை நாயக்க மன்னரிடம் டென்மார்க்கு நாட்டவர் பெற்ற கடற்கரைப் பட்டினம் இது. அவர்களது டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845 இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு ஜேர்மானிய இளைஞர் 1706 ஆம் ஆண்டு யூலை 9 இல் இங்கே கரையிறங்கினர். சீகன்பால்க் ஐயருக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. அவர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலிலே விரலால் எழுதித் தமிழ் கற்றார். மூன்று ஆண்டுகளுக்குள் டேனியத் தளபதியின் பகைக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையிருந்தார்.

அச்சுத் தொழிலுக்கு அவர் செய்தது மிகப் பெரிது. இங்கிலாந்திலிருந்து அச்சியந்திரமும், ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. எழுத்துக்கள் பருமனாயிருந்தமையாற் கடதாசி போதவில்லை. இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்லப்படுகிறது. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. அயலிலுள்ள பொறையாறில் கடதாசி ஆலையொன்றும் நிறுவினர். கடதாசித் தட்டுப்பாடு என்ன என்பதை இலங்கையில் அண்மைக் காலத்தில் அனுபவித்த எமக்கு, 300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கவலை நேற்றையதுபோல் தோன்றிற்று.

அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சிலுவை வடிவான கட்டடம். முகப்பிலே டேனிய மன்னரின் முடியும் எழுத்தும். நான்கே மாதத்துக்குப் பின், 1719 பெப்ரவரி 23 இல், 36 ஆம் வயதில் அவர் மறைந்தார். பலிபீடத்தின் ஒரு பக்கத்தில் அவரது கல்லறை, மறு பக்கத்தில் உடன் ஊழியர் கிரண்ட்லரின் கல்லறை. பழைய எருசலேம் ஆலயம் கடலுக்கு இரையாயிற்று. 2004 டிசெம்பர்ப் பேரலை இவ்வூரையும் தாக்கி உயிர்களைக் கொண்டுசென்றது. நம் நாட்டுக் கீழ்க்கரையை அழித்த அலைதான் அதுவும்.

ஞாயிறு காலை மணி அடித்தது. கோயிற்பிள்ளையிடம் எங்கே அமரலாம் என்று கேட்டோம். அவர் மேலே பார்த்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஒன்றைக் காட்டி, “அதுக்குக் கீழே உட்காருங்க ஐயா, காத்து வரும்” என்றார். இத்தனை ஊர்களிலும் இவ்வினாவுக்கு எமக்குக் கிடைத்த விடைகளுள் சிறந்தது அதுவே. ஒருபுறம் கல்லூரி மாணவர் ஒருவர். மறுபுறம் வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளையுடைய பெரியவர். திருவிருந்துக்கு வரிசை கிடையாது. அருகிலிருந்தவர்கள் எழுந்து சென்றனர், நாமும் சென்றோம். அரைவட்டமாக முழந்தாளிட்டவர்களின் தோள்கள் ஒன்றையொன்று தொட்டன. ஒரே கிண்ணம் வாய்க்கு வாய் சென்றது. இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட குருத்துவமும், சிற்றூர்ப் பாயில் கண் தாழ்த்தியிருந்த முதியவரும் அவ்வேளை எமது நினைவுக்கு வந்தனர். சீகன்பால்க் ஐயரின் கல்லறையோ கையெட்டும் தூரத்தில் இருந்தது.

தரங்கம்பாடியில் நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று ஒருநாள் வந்து போனவன் சான்று பகர முடியாது. அன்று, அந்த மேசையண்டையில், அது இல்லை என்று மாத்திரம் சொல்லலாம்.

பயணஞ்செய்யும் அன்பர்களுக்கு

தொழிலின் பொருட்டு வெளியூர் செல்லும் அன்பர்கள், எச்சமயத்தவராயினும், தத்தம் ஆலயத்தை அவ்வூரிலே தேடிச் செல்லும் வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. ஆராதனை நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுதல் நன்று. ஊருக்கு ஊர் நேரம் மாறும். கால்மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். செருப்பைக் கழற்றுவதா, தலையை மூடுவதா, ஆண்களும் பெண்களும் தனித்தனி அமர்வதா என்பனவற்றை வாயிலில் நின்று பார்த்தறிந்தபின் உள்ளே செல்லுங்கள். திருவிருந்துக்கு முன் குருவானவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வாயிலில் நடக்கும் உரையாடலும் ஆராதனையின் பகுதியே.

ஊரிலிருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். அடுத்த ஞாயிறு உங்கள் ஆலய வாயிலிலும் அயலூரான் ஒருவன் தயங்கி நிற்கக்கூடும். அவன் உங்கள் ஆலயத்தின் வரலாற்றை அறியமாட்டான். தூண்களின் பழைமையை அறியமாட்டான். அவனுக்கு நீங்கள் காட்டும் இடத்தையும், அதே வேளையில் உங்கள் ஊரவர் ஒருவருக்குக் காட்டாதுவிட்ட இடத்தையும் அவன் கண்டுகொள்வான். ஆதலால் சற்று நகர்ந்து, வாங்கைத் தட்டிக் காட்டுங்கள். அயலானுக்கு மட்டுமன்று, நெடுநாளாய்ப் பின்னே காத்திருப்பவருக்கும்.